உளமார ஓர் உறுதி

நடுவண் அரசுப் பணியில் சேர்கின்ற ஒவ்வொருவரும் முதல் நாளிலேயே ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். இந்தியாவினிடத்தும் அதன் அரசியலமைப்பினிடத்தும் உண்மையான பற்றுடையவனாக இருப்பேன். என் பதவிக்குரிய கடமைகளை நேர்மையோடும் நடுநிலையோடும் ஆற்றுவேன் என்பது அதன் சாரம். இவ்வாசகங்களுக்கு முன்னே இரண்டு தொடர்கள், நடுவில் ஒரு சாய்கோட்டுடன் நிற்கும். 'ஆணையிடுகிறேன்' என்பது ஒன்று. 'உளமார உறுதி கூறுகிறேன்' என்பது மற்றொன்று. வேண்டாததை அடித்துவிட வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஊரிலிருந்து ஒரு தகரப் பெட்டியுடன் தில்லி வந்து இறங்கிய மறுநாள், நான் முதலாவதை அடித்தேன்.

படிவத்தை வாங்கிப் பார்த்த தலைமை எழுத்தர் கும்பகோணத்துக்காரர். கிருத்திகை தவறாமல் இராமகிருஷ்ணபுரம் மலைமந்திரில் சுவாமிநாதனைத் தரிசித்துவிட்டே அலுவலகம் வருபவர். தமிழ்ப் பையன் என்பதால் என்மீது அவருக்குத் தனிப் பரிவு.

"ஏன் தம்பி, இதை அடித்துவிட்டீர்களே?"

"கடவுள் உண்டா இல்லையா என்பது எனக்குத் தெரியாது சார். தெரியாத ஒன்றின்மேல் ஆணையிட்டால், வேலையில் சேரும்போதே பொய் சொன்னதாக ஆகிவிடும்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அது சரி. நாளைக்கு நீங்கள் ஒரு தப்புச் செய்தால் யாரிடம் போய் நிற்பீர்கள்?" என்று கேட்டார். இளமைத் திமிரில் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இன்று நினைவில் இல்லை. விடையாக இருந்திராது என்பது மட்டும் உறுதி. அவர் கேட்ட கேள்விக்குத்தான் இம்மலரின் பக்கங்களில், பிள்ளைகள் வளர்ந்து தலையும் நரைக்கத் தொடங்கிய வயதில், விடை எழுத முற்படுகிறேன்.

அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1880ஆம் ஆண்டு நார்த்தாம்ப்டன் தொகுதியிலிருந்து பொதுமக்கள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சார்லஸ் பிராட்லா, இறைநம்பிக்கை இல்லாத தாம் ஆணையிடுவதற்கு மாறாக உறுதி கூற இசைவு வேண்டும் என்று கேட்டார். சபை மறுத்தது. தொகுதி மக்கள் மீண்டும் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தும், 1886ஆம் ஆண்டு வரை தம் இருக்கையில் அவரால் நிலையாக அமர முடியவில்லை. 1888இல் அவருடைய முயற்சியாலேயே உறுதி கூறும் உரிமை அந்நாட்டில் சட்டமாயிற்று. மறு ஆண்டு அவர் பம்பாய்க் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தார். 1891இல் அவர் மறைந்தபோது, இலண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்த காந்தியடிகள் அவருடைய அடக்கத்திற்குச் சென்றிருந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். இறைவனையே மூச்சாகக் கொண்ட ஒருவர் இறைமறுப்பாளர் ஒருவருக்குச் செய்த மரியாதை அது.

நம் அரசியல் நிர்ணய சபையிலும் இப்பேச்சு எழுந்தது. 1949ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், முகப்புரை 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என எச். வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். நம்பவும் நம்பாதிருக்கவும் ஒருவனுக்கு இந்த அரசியலமைப்பே உரிமை தந்திருக்கும்போது இத்திருத்தம் அதற்கு முரணாகும் என்று திருவிதாங்கூரின் பட்டம் தாணு பிள்ளை எடுத்துரைத்தார். இதை வாக்கெடுப்பு வரை கொண்டுபோக வேண்டாம் என்று பலர் வேண்டியும் காமத் விடவில்லை. ஆதரவு 41, எதிர்ப்பு 68. எதிர்த்தவர்கள் எல்லாரும் நாத்திகர்கள் என்று எவரும் எண்ணமாட்டார்கள். நாள்தோறும் பூசை செய்யும் கைகள் பல அன்று எதிர்ப்புக்காக உயர்ந்திருக்க வேண்டும்.

ஆகவே சட்டம் எனக்கு இடம் தந்துவிட்டது. ஆனால் சட்டம் இடம் தருவதும் மனிதன் விடை தருவதும் ஒன்றல்லவே!

கடவுள் இல்லை என்று உறுதியாகச் சொல்வோர் நாத்திகர். உண்டென்றோ இல்லையென்றோ சொல்லும் அளவுக்குச் சான்று என் கையில் இல்லை என்போரைக் குறிக்க ஆங்கிலத்தில் 'அக்னாஸ்டிக்' என்றொரு சொல் இருக்கிறது. அறியொணாக் கொள்கையினர் என்று தமிழில் கூறலாம். 1869இல் இச்சொல்லை ஆக்கியவர் தாமஸ் ஹக்ஸ்லி என்ற உயிரியல் அறிஞர். இச்சொல்லை ஆக்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே அதற்குரிய விலையை அவர் கொடுத்துவிட்டார் என்பது பலர் அறியாதது. 1860 செப்டம்பரில் அவருடைய மூத்த மகன் நோயல், நான்கு வயது நிறைவதற்குள், நச்சுக் காய்ச்சலில் இறந்தான். சார்லஸ் கிங்ஸ்லி என்னும் பாதிரியார், ஆன்மா அழிவதில்லை என்னும் நம்பிக்கையைப் பற்றிக்கொள்ளுமாறு ஆறுதல் மடல் எழுதினார். அதற்கு ஹக்ஸ்லி எழுதிய நீண்ட மறுமொழி, என் கருத்தில், அவருடைய ஆராய்ச்சி நூல்கள் அனைத்தினும் மேலானது.

அதிலே ஒரு செய்தி. குழந்தையின் பெட்டியருகே அவர் நிற்கிறார். அடக்கச் சடங்கை நடத்தும் பாதிரியார் முறைப்படி விவிலியத்திலிருந்து படிக்கிறார். இறந்தவர் மீண்டும் எழுவதில்லை என்றால் உண்டு குடித்துக் களிப்பதைத் தவிர நமக்கு வேறென்ன இருக்கிறது என்னும் பொருளுடைய பகுதி அது. அச்சொற்கள் தம்மை எப்படி அதிரச் செய்தன என்று ஹக்ஸ்லி எழுதுகிறார். ஈடுசெய்ய இயலாத இழப்பின் முன் நிற்பதாலேயே நான் விலங்காகிவிட வேண்டுமா? குட்டியைப் பறிகொடுத்த குரங்குகூட உடனே உணவைத் தேடி ஓடுவதில்லையே என்று கேட்கிறார். கிங்ஸ்லி நீட்டிய ஆறுதலை வெறுத்து அவர் தள்ளவில்லை. அந்த ஆறுதல் அவருக்கு வேண்டியிருந்தது. வேண்டியிருக்கிறது என்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதுதான் அவர் சொன்னது.

இதைப் படித்த காலத்தில் எனக்கு வேறொரு கவலையும் இல்லை. ஆகையால் வியந்து பாராட்டினேன். பிறகு என் தந்தையார் தில்லியிலேயே காலமானார். நிகம்போத் கட்டத்தில் யமுனைக் கரையில் தலைமகன் என்ற முறையில் எல்லாச் சடங்குகளையும் நானே செய்தேன். புரோகிதர் சொன்னதைச் சொன்னேன். நம்பாதவன் செய்வது வேடமல்லவா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. வேடமாகிவிடக் கூடாது என்பதற்காகவே அன்று காலை தாயாரிடம், "அம்மா, இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை உண்டு என்று சொல்ல முடியவில்லை, அப்பாவுக்காகவும் உனக்காகவும் செய்கிறேன்" என்று சொன்னேன். "உன் நம்பிக்கையை யாரடா கேட்டது? எள்ளைச் சிந்தாமல் போடு" என்றார்.

ஆனால் பதின்மூன்றாம் நாள் இரவு, வந்தவர்கள் எல்லாரும் போனபின், அவரே கேட்டார்: "அப்பா நல்ல இடத்துக்குத்தான் போயிருப்பார், இல்லையா?" எங்கள் தலைமை எழுத்தரைக் கேட்டிருந்தால் தயங்காமல் 'ஆம்' என்றிருப்பார், அந்த ஒரு சொல் அன்றைக்கு என் தாயாருக்கு உறக்கத்தைத் தந்திருக்கும். என் வாயிலிருந்து அச்சொல் வரவில்லை. அருகில் அமர்ந்திருந்தேன், விடியும்வரை அமர்ந்திருந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அறியொணாக் கொள்கையைப் பெருமைக்குரிய அறிவுத் திறனாகப் பேசும் நண்பர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: அன்றிரவு நான் பெருமைப்பட ஒன்றுமில்லை.

மற்றொரு குறையும் எங்கள் பக்கம் உண்டு; அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஐயம் நம் நாட்டிற்குப் புதிதன்று. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்திலுள்ள படைப்புப் பாடல் ஐயத்திலேயே முடிகிறது. புத்தர் காலத்தில் சஞ்சயன் என்றொரு ஆசான் இருந்தார். மறுமை உண்டா என்று கேட்டால், உண்டென்றும் சொல்லேன், இல்லையென்றும் சொல்லேன், அப்படியென்றும் சொல்லேன், வேறென்றும் சொல்லேன் என்று நழுவுவாராம். இவ்வகையினரைப் பௌத்த நூல்கள் விலாங்குபோல் நெளிவோர் என்கின்றன. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கைத் தமிழர்களும் அறிவர். மேலுலகைப் பற்றித் 'தெரியாது' என்று சொல்லிப் பழகிய நாக்கு, கண்ணெதிரே நடக்கும் அநியாயத்தைப் பற்றியும் 'தெரியாது' என்று சொல்லிவிடக் கூடும். (எங்கள் அலுவலகங்களில் இந்த விலாங்குக்கு வேறொரு பெயர் உண்டு. முடிவெடுக்க விரும்பாத அதிகாரி கோப்பின் ஓரத்தில் 'நேரில் பேசவும்' என்றெழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். நேரில் போனால் அவர் இருக்கமாட்டார்.)

கோசல நாட்டில் கேசபுத்தம் என்னும் ஊரில் வாழ்ந்த காலாமர்களுக்குப் புத்தர் கூறிய அறிவுரை இன்னும் நேரானது. வருகிற ஆசான்கள் ஒவ்வொருவரும் தத்தம் கொள்கையைப் புகழ்ந்து பிறர் கொள்கையை இகழ்கிறார்களே, யாரை நம்புவது என்று அவர்கள் கேட்டனர். பகையும் தீங்கும் நீங்கிய மனத்தோடு வாழ்பவனுக்கு அவர் தேறுதல்கள் சிலவற்றைச் சொன்னார். மறுமையும் வினைப்பயனும் உண்டாயின் அவன் நற்கதி பெறுவான். இல்லையாயின் இம்மையிலேயே துன்பமின்றி வாழ்ந்தவனாவான். கணக்குப் பார்த்தே காலம் கழிக்கும் எழுத்தனாகிய எனக்கு, எந்தப் பக்கம் கூட்டினாலும் நட்டம் வராத இந்தக் கணக்கு மிகவும் பிடித்திருந்தது. பல ஆண்டுகள் இதையே என் விடை என எண்ணியிருந்தேன்.

போதவில்லை என்பது பின்னால் தெரிந்தது. இக்கணக்கில் வரவும் செலவும் எல்லாம் என் பெயரிலேயே இருக்கின்றன.

வள்ளுவரை எடுத்துக்கொள்வோம். கடவுள் வாழ்த்தோடு நூலைத் தொடங்கிய அவர், வாய்மை என்னும் 30ஆம் அதிகாரத்திற்கு வரும்போது பிறர்க்குத் தீங்கு பயக்குமா என்பதைக்கொண்டே வாய்மையை அளக்கிறார். பொய் சொன்னவனைத் தண்டிப்பதற்கு எமனை அழைக்கவில்லை. அவனுடைய நெஞ்சையே அங்கு நிறுத்துகிறார். எங்களைப் போன்றோர் பெரிதும் சார்ந்திருப்பது இந்த இடத்தைத்தான். கடவுள் வேண்டாம், மனச்சான்று போதும் என்று மேடைகளில் முழங்குகிறோம். நானும் ஒருமுறை இச்சங்கத்துப் பட்டிமன்றத்தில் முழங்கியிருக்கிறேன், கைதட்டலும் பெற்றேன். தீர்ப்பு எதிரணிக்குப் போயிற்று என்பது வேறு.

மனச்சான்று உறங்கவும் செய்யும். என்னுடையது ஐந்து மாதங்கள் உறங்கிற்று.

நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் குடும்ப ஓய்வூதியக் கோப்புகள் என் பொறுப்பில் இருந்தன. பல்லாண்டு பணியாற்றிய கடைநிலை ஊழியர் ஒருவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். இத்தகையோரின் மனைவிக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி பத்தாண்டு வரையிலும், அதன்பின் நூற்றுக்கு முப்பதும் ஓய்வூதியமாக வரவேண்டும். விண்ணப்பம் வந்தது. பணிப் பதிவேட்டில் மனைவியின் பெயர் ஒரு விதமாகவும், விண்ணப்பத்தில் வேறு விதமாகவும் இருந்தது. மறுப்புக் குறிப்பு எழுதினேன்; அது சரியே. அவ்வம்மையார் தம் உறவினர் ஒருவரோடு வந்தார். அந்த உறவினர் என் மேசையருகே நின்று குரலை உயர்த்திப் பேசிவிட்டார். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தனர். அன்று முதல் அக்கோப்பு என்னிடம் வேறு நடத்தையைப் பெற்றது. பிரமாணப் பத்திரம் வந்ததும் குழந்தைகளின் பிறப்புச் சான்று கேட்டேன். அது வந்ததும் வங்கிக் கணக்கின் விவரம் கேட்டேன். எல்லாவற்றையும் முதல் நாளே ஒரே தாளில் கேட்டிருக்கலாம், அதுவே விதியும்கூட. முறையான உத்தரவு வரும்வரை இடைக்கால ஓய்வூதியம் வழங்க விதியில் இடம் இருந்தது. அதற்கும் நான் குறிப்பு எழுதவில்லை. கைக்கூலி எதிர்பார்த்தேன் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு காசும் நான் வாங்கியதில்லை. அதனாலேயே என்னை நேர்மையானவன் என்று நம்பிக்கொண்டு, இரவில் நிம்மதியாக உறங்கினேன்.

ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் அவ்வம்மையார் தனியே வந்தார். ஒன்றும் பேசாமல், பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை என் மேசைமேல் வைத்தார். வீட்டில் எழுதத் தெரிந்தவள் அவருடைய பன்னிரண்டு வயது மகள். நான் கேட்ட ஒவ்வொரு காகிதத்தையும், கேட்ட தேதியையும், கொடுத்த தேதியையும் அச்சிறுமி பென்சிலால் வரிசையாக இந்தியில் எழுதி, எதிரே சரிக்குறி இட்டிருந்தாள். முறையீடு ஒரு வரிகூட அதில் இல்லை. இன்னும் ஏதேனும் விட்டுப்போயிற்றா என்று பார்த்துச் சொல்லும்படி அந்தத் தாய் கேட்டார்.

சித்திரகுப்தன் ஓலைக்கு என் நெஞ்சில் அச்சமில்லை. இந்தத் தாளுக்கு முன் என் கை நடுங்கிற்று. மூன்று நாளில் கோப்பு நகர்ந்தது. அடுத்த மாதம் நிலுவைத் தொகை முழுதும் வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது. தணிக்கையில் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காகிதத்தின்படி எவருக்கும் ஒரு ரூபாய்கூட நட்டமில்லை.

அப்போதுதான் தலைமை எழுத்தரின் பழைய கேள்வி நினைவுக்கு வந்தது. தப்புச் செய்தால் யாரிடம் போய் நிற்பீர்கள்? எனக்கு மலைமந்திர் இல்லை. நிற்பதற்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யமுனைக்கு அப்பாலிருந்த அந்த வீட்டைத் தேடிப் போனேன். அம்மையார் பதறிப்போய்ப் பாய் விரித்தார். பகவான் அருளாலும் பாபுஜியின் தயவாலும் பணம் வந்துவிட்டது என்றார். தயவு அன்று, தாமதம்தான் என்னுடையது, வேண்டுமென்றே செய்தேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் புரிந்துகொள்ளச் சிறிது நேரம் ஆயிற்று. பிறகு, "அந்த ஐந்து மாதமும் நான் வீட்டு வேலைக்குப் போனேன், பாபுஜி. சின்னவனைப் பார்த்துக்கொள்ள இவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். இப்போது பழைய வகுப்பிலேயே சேர்த்திருக்கிறேன்" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கும் துணிவின்றி இருந்தேன். அச்சிறுமி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். என்னை அவள் பார்க்கவில்லை.

நிலுவை என்று நாங்கள் எழுதும் தலைப்பில் ஓராண்டுப் படிப்பு அடங்குவதில்லை.

இறைநம்பிக்கை உடையவர்கள் இப்படிப் போய் நிற்கமாட்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை. போய் நின்றவர்கள் பலரை அறிவேன். போகாதவர்களையும் அறிவேன், அவர்கள் உண்டியலில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். எங்களுள்ளும் மனச்சான்றிடமே மன்னிப்புக் கேட்டு மனச்சான்றிடமே பெற்றுக்கொண்டு திரும்புவோர் இருக்கிறார்கள். உண்டியற் செலவுகூட அவர்களுக்கு இல்லை. உன் நேர்மை விளக்கேற்றிக் கும்பிட்ட உன் தாய் ஊட்டிய பாலில் வந்தது. முன்னோர் சேர்த்த முதலின் வட்டியில் நீ வாழ்கிறாய் என்று தலைமை எழுத்தர் ஒருமுறை சொன்னார். இருக்கலாம். அதை மறுக்க என்னிடம் சான்றில்லை. மறுக்க வேண்டிய தேவையும் தெரியவில்லை.

யமுனைக்கு அப்பால் போய்வந்ததை மறுநாள் அவரிடம் சொன்னேன். முருகன் மன்னிப்பான் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தக் குழந்தை எழுதிய தாள் எங்கே?" என்று கேட்டார். என் இழுப்பறையில் இருக்கிறது என்றேன்.

"அது உங்கள் சொந்தக் காகிதமில்லை தம்பி. கோப்பில் சேர்த்துப் பக்க எண் போடுங்கள்."

சேர்த்தேன். கடிதப் பகுதியில் 37ஆம் பக்கம்.